இன்சுலின் பம்புடன் தூங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11 ஆண்டுகளாக என் இடுப்பில் இன்சுலின் பம்ப் இருக்கிறது. புதிதாகப் பம்ப் மாட்டிக்கொண்டவர்களும் பம்ப் போட்ட பிள்ளைகளின் பெற்றோரும் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் இரவைப் பற்றியதாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுகர் அளவுகள் எல்லாம் மி.கி./டெசிலிட்டர் கணக்கில் உள்ளன. மில்லிமோல் கணக்கில் பார்ப்பவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். யூனிட் கணக்குகளை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே இருப்பது அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கும், நள்ளிரவில் பதறாமல் இருப்பதற்கும்.

ராத்திரி மட்டும் பம்பைக் கழற்றி வைச்சுட்டுத் தூங்கலாமா? சாப்பிடப் போறதில்லையே.

கூடாது. பம்பில் போவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். ஊசி போட்ட காலத்தில், ஒரு வேளை போட்ட நீண்ட நேர இன்சுலின் தோலுக்கடியில் தங்கி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. பம்பில் அந்தக் கையிருப்பு கிடையாது. நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் இரவெல்லாம் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கத்தான் சொட்டுச் சொட்டாகப் பேசல் (basal), அதாவது நாள் முழுக்க ஓடும் அடிப்படை இன்சுலின், போகிறது. அது நின்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். விடியும்போது வாந்தியும் மூச்சிரைப்புமாக எழுந்திருக்க வேண்டி வரலாம்.

குளிக்க, துணையுடன் நெருங்கியிருக்க என்று ஒரு மணி நேரத்துக்குள் கழற்றி மாட்டுவதில் தவறில்லை. மாட்டாமலே தூங்கிப்போவதுதான் ஆபத்து. கழற்றும்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். டியூப் இல்லாமல் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் பம்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

தூங்கும்போது பம்பை எங்கே வைச்சுக்கறது? டியூப் சுத்திக்காதா? மேலே படுத்தா இன்சுலின் நின்னுடுமா?

இடுப்புப் பட்டை, தூங்கும் உடையின் பை, கட்டிலில் பக்கத்திலேயே சும்மா விடுவது என்று ஆளுக்கு ஒரு வழி. முதல் வாரம் எல்லோரும் டியூபை நினைத்தே விழித்திருப்பார்கள். அப்புறம் தூக்கத்திலேயே கை அதை ஒதுக்கிவிடப் பழகிவிடும். டியூப் அவ்வளவு எளிதில் மடங்கி அடைத்துக்கொள்ளாது. கேனுலா (தோலுக்குள் செருகியிருக்கும் சிறு குழாய்) இருக்கும் இடத்தின் மேலேயே படுத்து அழுத்துவதுதான் பிரச்சினை. வலப்பக்கம் படுப்பவராக இருந்தால் செட்டை (கேனுலாவும் அதை உடம்பில் ஒட்டும் பட்டையும்) இடப்பக்கம் போடுங்கள். குழந்தைகளுக்கு உடைக்குள்ளேயே டியூபைச் சுருட்டி வைத்துவிட்டால் கழுத்துப் பக்கம் போகாது.

தலைக்கு மேலே உயரத்தில் பம்பைத் தொங்கவிட வேண்டாம். உயர வித்தியாசத்தால் இன்சுலின் போகும் அளவு சற்றுக் கூடிக் குறையலாம். மின்சாரப் போர்வை, வெந்நீர்ப் பை இரண்டையும் பம்பிடமிருந்தும் செட் இருக்கும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். சூடு இன்சுலினைக் கெடுக்கும். தோல் சூடானால் உள்ளே போன இன்சுலின் வேகமாக ரத்தத்தில் ஏறி, சுகர் அளவுக்கு மீறிக் குறைந்து லோ ஆகிவிடும்.

புரண்டு படுக்கும்போது பட்டன் அழுந்தி இன்சுலின் ஏறிடுமோன்னு பயமா இருக்கு.

போலஸ் (சாப்பாட்டுக்கோ ஏறிய சுகரை இறக்கவோ மொத்தமாகப் போடும் இன்சுலின்) போக ஒரு பட்டன் போதாது, வரிசையாகப் பல படிகள் தாண்ட வேண்டும். அதற்கு மேலும் திரைப் பூட்டு இருக்கிறது, போட்டு வையுங்கள். மருத்துவரிடம் கேட்டு, ஒரே தடவையில் போகக்கூடிய அதிகபட்ச போலஸ் அளவையும் அமைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், தானாக அழுந்திய பட்டனைவிட அரைத் தூக்கத்தில் நாமே போட்ட போலஸ்தான் அதிகம் வம்பு செய்திருக்கிறது.

படுக்கறதுக்கு முன்னாடி என்னதான் பார்க்கணும்?

சுகர் எவ்வளவு, சென்சாரின் (தோலில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளக்கும் கருவி) அம்புக்குறிப்படி அது எந்தப் பக்கம் போகிறது, இதற்கு முன் போட்ட போலஸில் இன்னும் எவ்வளவு உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 140 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. 140இல் இரண்டு யூனிட் மிச்சமிருந்து அம்புக்குறி கீழே பார்த்தால் அது லோவுக்குப் போகிற வழி. மிச்சம் ஏதும் இல்லாமல் கோடு நேராக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்து ரிசர்வாயரில் (பம்புக்குள் இருக்கும் இன்சுலின் குப்பி) விடியும் வரைக்கும் இன்சுலின் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். செட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தாலோ மருத்துவமனையில் வருமே, அந்த மருந்து வாசனை வந்தாலோ கசிகிறது என்று அர்த்தம். கட்டிலருகில் குளுக்கோஸ் மாத்திரை, குளுக்கோமீட்டர், தண்ணீர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். லோ ஆன நிலையில் சமையலறை வரை நடப்பது மலை ஏறுகிற மாதிரி.

பகல்ல நேரமே கிடைக்கறதில்ல. செட்டைப் படுக்கப் போகும்போது மாத்திக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு முறை நான் மாற்றினேன். இரவு 11 மணிக்குப் புது செட்டைக் குத்திவிட்டுப் படுத்தேன். நான்கு மணிக்கு நாக்கு அட்டை மாதிரி வறண்டு விழித்தேன். மீட்டரில் 380. செட்டைப் பிடுங்கிப் பார்த்தால், அந்த ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கேனுலா உள்ளே போகாமல் தோலுக்கு மேலேயே மடங்கிக் கிடந்தது. ஐந்து மணி நேரம் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பம்ப் ஒரு முறைகூட அலாரம் அடிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு தள்ளினோம் என்பது மட்டும்தான் பம்புக்குத் தெரியும், அது உடம்புக்குள் போனதா என்று அதற்குத் தெரியாது. அதனால் காலையில், முடிந்தால் ஒரு உணவுக்கு முன் மாற்றுங்கள். சாப்பாட்டு போலஸ் போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் சுகர் சொல்லிவிடும், செட் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று. பெரும்பாலான செட்களை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் மாலை முடிகிறதென்றால் அன்று காலையே மாற்றுவது நல்லது. இரவில் கழன்று வந்து மாற்றியே ஆக வேண்டுமென்றால், இரண்டு மணி நேரம் கழித்து அலாரம் வைத்து எழுந்து பாருங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. டியூபில் இன்சுலினை நிரப்பும்போது அது உடம்பில் மாட்டியிருக்கவே கூடாது. மாட்டியிருந்தால் டியூபை நிரப்ப வேண்டிய பல யூனிட்கள் மொத்தமாக உடம்புக்குள் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் செய்யக்கூடிய தவறுகளிலேயே மோசமானது இதுதான். நிரப்பும் பட்டனைத் தொடும் முன் டியூபின் நுனியைக் கையில் பிடித்துக் கண்ணால் பாருங்கள்.

படுக்கும்போது 250 இருக்கு. கரெக்‌ஷன் போட்டுட்டுத் தூங்கிடலாமா?

ஏறிய சுகரை இறக்கப் போடும் போலஸைத்தான் கரெக்‌ஷன் என்கிறோம். அதைப் போடும் முன், ஏன் 250 என்று யோசியுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகிறதென்றால் சாப்பாட்டு போலஸே இன்னும் பாதி வேலையில் இருக்கும். ஒரு போலஸ் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வேலை செய்யும். அதன் மேல் இன்னொன்று, அது இறங்கவில்லை என்று மூன்றாவது என்று அடுக்கினால் இரண்டு மணிக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இறக்கிவிடும். மனக்கணக்கு வேண்டாம், பம்பின் கணிப்பானைக் கேளுங்கள். மிச்சமிருப்பதை அது கழித்துவிட்டுத்தான் சொல்லும். இரவுக்கு என்று இலக்கைச் சற்று உயர்த்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பலருக்கு அப்படி வைப்பதுண்டு.

கொழுப்பும் புரதமும் அதிகமான சாப்பாடு என்றால் சுகர் பல மணி நேரம் கழித்து மெல்ல ஏறும். அதற்குப் போலஸை நீட்டிப் போடும் வசதி பம்பிலேயே இருக்கிறது. காரணம் எதுவும் தெரியாமல் 250 என்றால் செட் மேல் சந்தேகம் வர வேண்டும். கரெக்‌ஷன் போட்டு, இரண்டு மணி நேரத்தில் எண் இறங்கத் தொடங்கியதா என்று எழுந்து பாருங்கள்.

நடு ராத்திரி லோ அலாரம் அடிச்சா உடனே பம்பை நிறுத்தணுமா?

முதலில் குளுக்கோஸ் சாப்பிடுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது குளுக்கோஸ் மாத்திரைகள் அல்லது சுமார் 150 மில்லி பழச்சாறு. 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் திரும்ப 15 கிராம். 54க்குக் கீழே என்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடுங்கள்.

இப்போது பம்பை நிறுத்தினால் அதன் பலன் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நிமிடத்து லோவுக்கு அது மருந்தாகாது. நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிட மறந்து தூங்கிவிட்டால் காலையில் ஹையும் கீட்டோனும்தான் மிச்சம். லோ வருவதை முன்கூட்டியே கண்டு தானே நிறுத்திக்கொள்ளும் பம்ப் என்றால், அலாரம் அடிக்கும்போது ஏற்கெனவே கொஞ்ச நேரமாக இன்சுலின் நின்றிருக்கும். அதனால் 5 முதல் 10 கிராமே போதுமாக இருக்கலாம். உங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் பேசி வையுங்கள். சென்சார் 5 முதல் 15 நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். நீங்கள் சாப்பிட்டதும் ஏறவில்லையே என்று டப்பாவைக் காலி செய்யாதீர்கள். மீட்டரில் விரல் குத்திப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

லோன்னு அலாரம் அடிக்குது, விரல்ல குத்திப் பார்த்தா 110. எதை நம்பறது?

விரலை. சென்சார் இருக்கும் கையின் மேலேயே படுத்திருந்தால் அந்த இடத்துத் திசுவில் திரவ ஓட்டம் குறைந்து, சென்சார் பொய்யாக லோ காட்டும். வரைபடத்தில் கோடு செங்குத்தாக விழுந்து, புரண்டு படுத்ததும் அதே மாதிரி செங்குத்தாக ஏறியிருந்தால் அதுதான். சென்சாரை நீங்கள் படுக்காத பக்கத்துக்கு மாற்றுங்கள். ஆனால் வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிராமல் முதலில் குளுக்கோஸ் சாப்பிடுங்கள்.

அலாரம் வீடே அதிர அடிக்குது, என் பொண்ணு மட்டும் எழுந்திருக்க மாட்டேங்கிறா. ஏம்மா இப்படி?

அவள் மேல் தப்பில்லை அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆழ்ந்த தூக்கத்தில் சுகர் குறையும்போது, நம்மை உலுக்கி எழுப்ப வேண்டிய அட்ரினலின் விழித்திருக்கும்போது சுரக்கிற அளவுக்குச் சுரப்பதில்லை. லோ மூளையையும் மந்தமாக்கும். அதனால் அலாரம் அவளோடு சேர்த்து இன்னொருவர் காதிலும் விழ வேண்டும். சென்சார் எண்ணை உங்கள் போனிலும் பார்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போன் சத்தமில்லாமல் வைக்கப்பட்டிருந்தாலும் இந்தச் செயலி மட்டும் சத்தம் போட அனுமதி கொடுத்திருக்கிறதா என்று சோதியுங்கள். போன் மென்பொருள் புதுப்பித்த அன்று இன்னொரு முறை சோதியுங்கள்.

ஓயாமல் அடிக்கும் அலாரம் காதுக்குப் பழகிப்போகும். இரவில் அவசியமானவை லோ, அவசர லோ, நீண்ட நேர ஹை, இன்சுலின் ஓட்டம் நிற்பது ஆகியவைதான். 160க்கு ஹை அலாரம் வைத்து வீட்டில் ஒருவரும் தூங்காமல் இருந்தால், நிஜ அலாரம் அடிக்கும் இரவில் எல்லோரும் அசந்து தூங்கிவிடுவார்கள்.

தினமும் காலைல 200. ராத்திரி பேசலைக் கூட்டிடட்டுமா?

இரவில் எப்போது ஏறுகிறது என்று தெரியாமல் கூட்டாதீர்கள். விடியற்காலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் கல்லீரலைத் தூண்டி சுகரை ஏற்றும். பம்பின் பெரிய வரமே இதற்கென்று அந்த நேரத்துப் பேசலை மட்டும் கூட்ட முடிவதுதான். ஆனால் கூட்டிய பேசல் வேலை காட்ட இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்கு ஏறுகிறதென்றால் மூன்று மணியளவிலேயே மாற்றம் தொடங்க வேண்டும். முழு இரவுக்கும் கூட்டினால் நடு ராத்திரியில் லோ ஆகும்.

சோதிக்க ஒரு எளிய வழி: சீக்கிரமே எளிமையாகச் சாப்பிட்டுவிட்டு, கடைசி போலஸ் போட்டு நான்கு மணி நேரம் ஆன பிறகிலிருந்து விடியும் வரை கோட்டைப் பாருங்கள். 30 அளவுக்குள் ஏறி இறங்கினால் பேசல் சரி. ஒரு இரவை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று இரவுகள் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். செட்டின் மூன்றாம் நாளில் மட்டும் ஏறுகிறது என்றால் பேசலில் கை வைக்காதீர்கள், செட்டை மாற்றுங்கள்.

மூணு மணிக்கு 320. பம்ப் எல்லாம் சரின்னு காட்டுது. காலைல பார்த்துக்கலாமா?

பார்த்துக்கொள்ள முடியாது. செட் மாற்றும் கேள்வியில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கசிந்தால் பம்புக்குத் தெரியவே தெரியாது. அடைப்பு என்றாலும் டியூபில் அழுத்தம் சேர்ந்த பிறகுதான் அலாரம் வரும். மணிக்கு அரை யூனிட் போகிறவருக்கு அந்த அழுத்தம் சேரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் 250க்கு மேல் காரணமில்லாமல் நின்றால் எழுந்து உட்கார்ந்து ரத்தக் கீட்டோன் பாருங்கள். 0.6 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே என்றால் பம்பிலேயே கரெக்‌ஷன் போட்டு, ஒன்று இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பார்க்கலாம். இறங்காவிட்டால் செட் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

0.6க்கு மேல் என்றால் கரெக்‌ஷனைப் பேனாவிலோ ஊசியிலோ போடுங்கள், பம்பில் வேண்டாம். சந்தேகத்துக்குரிய டியூபை நம்பி இன்னொரு டோஸை வீணாக்கக் கூடாது. பிறகு செட், டியூப், ரிசர்வாயர் எல்லாம் புதிது. தண்ணீர் நிறையக் குடித்து மணிக்கொரு முறை பாருங்கள். 1.5 தாண்டினால் மருத்துவரை எழுப்புங்கள். 3 தாண்டினாலோ, வாந்தி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்ப் பட்டை சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும், முடிந்தவரை ரத்தக் கீட்டோன் பட்டையையே வைத்திருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குச் சுகர் அவ்வளவு ஏறாமலே கீட்டோன் ஏறலாம். உடம்பு சரியில்லை என்று தோன்றினாலே பார்த்துவிடுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: பேனாவில் போட்ட இன்சுலின் பம்புக்குத் தெரியாது. சென்சாரைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி முறையில் விட்டால் அது தன் பங்குக்கும் சேர்த்துப் போடும். சுமார் நான்கு மணி நேரம் கைமுறைக்கு மாற்றி வையுங்கள்.

சாயங்காலம் நல்லா விளையாடினா ராத்திரி லோ ஆகுது. மது குடிச்சாலும் அப்படித்தானா?

ஆமாம், இரண்டிலும் அப்படித்தான், காரணம்தான் வேறு. கடுமையாக உடலை வருத்திய பிறகு தசைகள் காலியான சர்க்கரைக் கையிருப்பை இரவெல்லாம் நிரப்பிக்கொள்ளும். அன்று படுக்கும்போது பேசலைத் தற்காலிகமாக 20 சதவீதம் குறைத்து ஆறு மணி நேரம் ஓட விடுவது வழக்கமான தொடக்கப் புள்ளி. அதை உங்கள் மருத்துவருடன் பேசி உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதைத் தடுக்கும். லோ ஆகும்போது கைகொடுக்க வேண்டிய கல்லீரல் கைவிட்டுவிடும், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றி லோவைச் சரிசெய்யும் குளுக்ககான் ஊசியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து அப்படியே தூங்க விட்டுவிடுவார்கள். குடித்த இரவில் வெறும் வயிற்றோடும் தனியாகவும் தூங்காதீர்கள்.

என் பம்ப் தானாவே கூட்டிக் குறைச்சுக்குது. அப்புறம் எதுக்கு இவ்வளவு கவலை?

2016இல் முதல் பாதித் தானியங்கிப் பம்ப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு இரவுகள் உண்மையிலேயே மாறிவிட்டன. நான் முழு இரவு தூங்கத் தொடங்கியதே அப்படி ஒன்றை வாங்கிய பிறகுதான். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதுவும் அதே கேனுலா வழியாகத்தான் போடுகிறது, அதே சென்சாரைத்தான் நம்புகிறது. சென்சார் தப்பாகக் காட்டினால் இன்சுலினும் தப்பாகப் போகும். சில வகைச் சென்சார்கள் பாரசிட்டமால் சாப்பிட்டால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுப் படுக்கும் முன் உங்கள் சென்சார் எந்த வகை என்று தெரிந்து வைத்திருங்கள். புதுச் சென்சார் தயாராகும் வரை தானியங்கி முறை வேலை செய்யாது. அதனால் அதையும் செட்டைப் போலவே பகலில் மாற்றுங்கள்.

பேட்டரி மாத்தினதிலேருந்து ராத்திரி லோ, பகல்ல ஹை. ஒண்ணுமே புரியல.

பம்பின் கடிகாரத்தைப் பாருங்கள். காலையும் மாலையும் இடம் மாறியிருந்தால் பகலுக்கான பேசல் நள்ளிரவில் ஓடும். நேர மண்டலம் தாண்டிப் பயணம் போனவர்களுக்கும் இது நடக்கும். பேட்டரி மாற்றினாலோ பயணம் போய் வந்தாலோ, முதலில் கண் போக வேண்டியது கடிகாரத்துக்கு.

பக்கத்துல படுக்கறவர் என்ன தெரிஞ்சு வைச்சிருக்கணும்?

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககானை ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் மருந்தாகவோ கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதன் பிறகு பம்பை நிறுத்தலாம். பட்டன்கள் புரியவில்லை என்றால் டியூபைக் கழற்றிவிட்டால் போதும். குளுக்ககான் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று விழித்திருக்கும் ஒரு மாலையில் காலாவதியான ஒன்றை வைத்துப் பழகுங்கள். அது கொடுத்த பிறகு வாந்தி வரலாம், பயப்பட வேண்டாம். அதற்காகத்தான் ஒருக்களித்துப் படுக்க வைப்பது.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பம்பே செத்துப் போயிட்டா?

எனக்கு ஒரு முறை நடந்தது. திரை கறுத்துவிட்டது, பேட்டரி மாற்றியும் எழவில்லை. அன்று என்னைக் காப்பாற்றியது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு தாள். ஒவ்வொரு நேரத்துப் பேசல், ஒரு நாளின் மொத்தப் பேசல், கார்ப் விகிதம் (எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட்), கரெக்‌ஷன் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. பம்ப் செத்தால் அதற்குள் இருக்கும் எண்களும் கூடவே போய்விடும், அதனால் மருத்துவர் மாற்றும்போதெல்லாம் தாளிலும் மாற்றுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நீண்ட நேர இன்சுலின் பேனாவும் ஒரு வேக இன்சுலின் பேனாவும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி அந்தத் தாளிலேயே ஒட்டுங்கள். அது முழுதாக வேலை தொடங்கச் சில மணி நேரம் ஆகும், இடைப்பட்ட நேரத்துக்கு வேக இன்சுலின் எப்படி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புதுப் பம்ப் வந்ததும் நீண்ட நேர இன்சுலின் இன்னும் உடம்பில் இருக்கும். அது தீரும் முன் பேசலை முழுதாக ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்து லோ ஆகும். எப்போது போட்டேன் என்ற நேரத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டுத்தான் நான் அன்று திரும்பப் படுத்தேன்.